சேபன் போயிட்டார், பற்று யார் கணக்குல?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துல (நம்ம கால்பந்து இல்லீங்க, முட்டை வடிவப் பந்து) அலபாமாவுக்கு 17 சீசன்ல 6 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த நிக் சேபன் 2024 ஜனவரியில ஓய்வு பெற்றார். அடுத்து வந்த கேலன் டிபோருக்கு முதல் வருஷம் 9 வெற்றி, 4 தோல்வி. அதுல ஒண்ணு வாண்டர்பில்ட்கிட்ட, 35-40. உடனே ஆளை மாத்துன்னு கூச்சல்.

சேபனோட முதல் வருஷம், 2007? களத்துல 7 வெற்றி, 6 தோல்வி. சொந்த மைதானத்துல லூசியானா-மன்றோகிட்டயே தோத்தாங்க. அப்போ பொறுத்துக்கிட்டாங்க, முந்தின வருஷம் 6 வெற்றிதானே!

'கூட்டாளி விலகல்' பாடம் ஞாபகமிருக்கா மக்களே? நற்பெயர் விலகுறவர் கணக்குல வரவு, தொடர்றவங்க கணக்குல பற்று. டிபோர் கதை அதேதான். என்னைக் கேட்டா 9-4 மோசமில்ல. ஆனா அந்த வாண்டர்பில்ட் தோல்வியை மட்டும் எனக்கே போக்கெழுத மனசு வரல.