காரில் ஏறிய அம்மி

பிரயாணத்திற்குச் சாமான் கட்டுவதும் ஒரு கலைதான். அதை நான் கற்றது நெளுக்குளத்தில்.

1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பல இடங்களில் அலைந்து, வவுனியாவை அடுத்த அவ்வூரை அடைந்தபோது எங்கள் உடைமை இரண்டு துணிப்பைகளே. 2002-இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் ஊர் திரும்பப் புறப்பட்டோம். அப்பொழுதோ ஒரு வாடகைக் கார் கொள்ளாத சாமான்கள்!

சாரதி முறையறிந்து ஏற்றினார். பாரமானவை அடியில், பாய், தலையணைகள் கூரைமேல். உச்சியில் பாரம் மிகுந்தால் வளைவுகளில் கார் சாயுமாம். அப்படியும் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. "இனி ஓர் இறாத்தலும் ஏறாது" என்று கைவிரித்தார்.

அயல்வீட்டு ஆச்சி முன்பு இரவல் தந்த அம்மியை அம்மா திருப்பிக் கொடுக்க முனைந்தார். ஆச்சி மறுத்துவிட்டார். "வெறும் வீட்டுக்குப் போகிறாய் பிள்ளை, எதிலே அரைப்பாய்? கொண்டு போ."

அப்பா ஒன்றும் பேசவில்லை. தம் புத்தகப் பெட்டியை இறக்கி ஆச்சியிடம் ஒப்படைத்துவிட்டு, அவ்விடத்தில் அம்மியை வைத்தார்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமான்கள் அனைத்தையும் இறக்கிக் காட்டி மீண்டும் ஏற்றினோம், முகமாலையிலும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் அம்மியைத் தூக்கிய அப்பாவின் முகத்தில் சலிப்பே இல்லை.

ஊரில் எங்கள் வீட்டிற்குக் கூரையில்லை, கதவில்லை. முற்றத்தில் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். ஏழாண்டுகளாக மௌனமாய்க் கிடந்த அவ்வீட்டில் அன்றிரவு முதலில் எழுந்தது, அம்மா சம்பல் அரைத்த ஒலி.