பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியில்



பெத்லஹேம், நாசரேத், ஜெரூசலம் என்று வேதகால ஊர்களைப் பார்க்கக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். ஈஸா நபியும் (அலை) அன்னை மர்யமும் (அலை) வாழ்ந்த மண் நமக்கும் அந்நியமல்ல. ஆனால், அவ்வளவு தூரம் போக எல்லோருக்கும் வசதி ஏது? வட்டவளையில் ரயில் ஏறினால் றொசல்லை, அடுத்து ஹட்டன். அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா, நல்லதண்ணி. தவ்ராத்தும் குர்ஆனும் கூறும் முதல் மனிதரின் பெயர் தாங்கிய மலையடிக்கு வந்துவிட்டீர்கள்!

பௌத்தர்களுக்கு அது ஸ்ரீ பாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். கிறிஸ்தவர்களில் சிலர் ஆதாமின் அடி என்றும், சிலர் தோமாவின் அடி என்றும் சொல்லி வந்தனர். 14ஆம் நூற்றாண்டில் இலங்கை வந்த மரிக்னோல்லி என்ற கிறிஸ்தவத் துறவி, சுவனம் இங்கிருந்து நாற்பது மைல்தான், அதன் நீரோசைகூடக் கேட்குமாம் என்று ஊரார் சொன்னதை எழுதி வைத்தார். வட்டவளை மழையில், தேயிலைச் சரிவெங்கும் ஓடைகள் இரைவதைக் கேட்டவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

1344இல் நம் இப்னு பதூதா ஏறினார். பாறையில் சங்கிலிகள் தொங்கின. ஒன்றுக்கு ஷஹாதத்துச் சங்கிலி என்று பெயர். அங்கு நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடும் அச்சத்தில் கலிமாச் சொல்லிவிடுவாராம்! பாதைகள் இரண்டு: கடினமானது பாபா பாதை, எளிதானது மாமா பாதை, அதாவது ஆதமும் ஹவ்வாவும். மாமா பாதையால் ஏறியவரின் யாத்திரை செல்லாது என்றனராம்.

இங்குதான் நான் நிற்கிறேன். ஆதம் நபி (அலை) பூமிக்கு இறக்கப்பட்டதைக் குர்ஆன் கூறுகிறது. இடத்தின் பெயரைக் கூறவில்லை. ஸரந்தீப் என்பது ரிவாயத்துகளில் வரும் செய்திதான். நன்மை நாடிப் பயணம் கட்டச் சொல்லப்பட்ட பள்ளிகள் மூன்றே: மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ். இந்த மலையில் நமக்கு ஹஜ்ஜுமில்லை, நேர்ச்சையுமில்லை. அப்படியிருக்க, அன்னையின் பாதை செல்லாது என்று சொல்ல யாருக்கு உரிமை? "மலை ஏறமுடியவில்லையே, பாவமா?" என்று கேட்கும் மூதாட்டிகளுக்கு என் பதில் இதுவே: பாவமே இல்லை, உம்மா. அடிவாரத்திலிருந்து பார்த்தாலும் அல்லாஹ்வின் படைப்புத்தான்.

போக விரும்புவோர் மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரையான பருவத்தில் மஹ்ரமுடன் போங்கள். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். சூரிய உதயம் காண இரவிலேயே ஏறுவார்கள். ஸுப்ஹு வழியிலேயே வந்துவிடும். வுளூவுக்கு ஒரு போத்தல் தண்ணீரும் முஸல்லாவும் பையில் இருக்கட்டும்.