மக்தா: ஒரு கொரியச் சொல்லும் எங்கள் வீட்டு வாக்குவாதமும்

கொரிய மொழியில் 'மக்தா' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. தம்பியின் கொப்பியில் அதற்குப் பக்கத்தில் 'வளக்வனவா' என்று சிங்களத்திலும், அதற்கும் பக்கத்தில் 'தடுத்தல்' என்று தமிழிலும் எழுதியிருந்தான். மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரே வரி. அந்த ஒரு வரியை விரித்து எழுதப் போய் எனக்கு மூன்று வாரம் ஓடிவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம், நேரமுள்ளவர்கள் வாசியுங்கள்.

தமிழ் டீச்சருக்கு ஏன் கொரியன் என்று ஏற்கனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தம்பி கொரியா வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறான். அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும் அந்த முறை 2004இல் தொடங்கியபோது முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. மொழிப் பரீட்சையில் தேறாமல் அடுத்த படி இல்லை. தம்பி போகும் வகுப்பு சிங்களத்தில் நடக்கிறது. சிங்களம் அவனுக்குச் சரளமாகப் பேச வரும். ஆனால் இலக்கணம் என்று வந்தால் பாதி விளங்குவதில்லை. அதனால் இஷாவுக்குப் பிறகு நான் அவனுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். எழுதுவதற்கு முதல் நான் படிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை.

எழுத்திலிருந்து தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கொரிய எழுத்துகளை 1443இல் உருவாக்கியவர் செஜொங் மன்னர். 1446இல் வெளிவந்த விளக்க நூலில் ஒவ்வோர் அடிப்படை மெய்யெழுத்துக்கும் ஏன் அந்த வடிவம் என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. 'ம்' என்ற எழுத்து ஒரு சின்னச் சதுரம், அது வாயின் வடிவம். 'க்' என்ற எழுத்து மேலே ஒரு கோடு, வலது பக்கம் கீழே ஒரு கோடு. நாக்கின் அடி எழும்பித் தொண்டையை அடைக்கும் வடிவமாம் அது. அப்படியானால் 'மக்' என்று சொல்லும்போது வாயை மூடித் தொடங்கித் தொண்டையை அடைத்து முடிக்கிறோம். தடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான எழுத்துக் கிடைக்குமா? தற்செயல்தான். சொல் எழுத்தைவிடப் பழையது. ஆனாலும் தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்த யாருக்கும் இந்த இடத்தில் ஒரு சந்தோசம் வரும்.

தம்பிக்கு வரவில்லை. அவனுக்கு வந்தது வேறு சிக்கல். அந்தக் கடைசி 'க்' வெளியே வரக்கூடாது, தொண்டையிலேயே நின்றுவிட வேண்டும். தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. நாங்கள் 'கேக்'கைக்கூட 'கேக்கு' ஆக்கித்தான் சாப்பிடுகிறோம். ஆகவே அவன் 'மக்கு' என்றான். பக்கத்தில் இருந்த சின்ன மருமகள், "மாமா, யாருக்கு ஏசுறீங்க?" என்று கேட்டாள்.

அதைவிட அவனைக் குழப்பியது, இந்த 'க்' ஓர் இடத்தில் நிற்காததுதான். அகராதியில் 'மக்தா'. 'தடுக்கிறேன்' என்றால் 'மகாயோ', அங்கே ககரம் மெலிந்துவிடுகிறது. 'தடுக்கிற' என்றால் 'மங்னுன்'. எழுதுவது க், வாசிப்பது ங். "இது என்ன ராத்தா, எழுதுறது ஒண்டு, வாசிக்கிறது ஒண்டா?" என்று கொப்பியை மூடிவிட்டான். பதினொராம் ஆண்டில் நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த புணர்ச்சியைத்தான் மறுபடி எடுக்க வேண்டி வந்தது. சொல், மாலை இரண்டும் சேர்ந்தால் சொன்மாலை. பின்னால் ஒரு மெல்லினம் வந்து நிற்க, முன்னால் இருக்கும் மெய்யும் மெல்லினமாகிவிடுகிறது. நாங்கள் மாறியதை அப்படியே எழுதுகிறோம். கொரியர்கள் பழைய எழுத்தை வைத்துக்கொண்டு வாயால் மட்டும் மாற்றுகிறார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். 'தடுத்தல்' என்று ஒரு சொல்லை எதிரே எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது எங்கள் வகுப்பறைகளில் பரவலாக இருக்கும் நோய். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு இந்தச் சொற்பட்டியல் முறையில் நம்பிக்கை இல்லை. ஒரு சொல் யாரோடு கூடித் திரிகிறது என்று பார்க்காமல் அதன் குணம் தெரியாது. மக்தா யாரோடெல்லாம் திரிகிறது என்று பாருங்கள். ஓட்டையை மக்தா என்றால் நாங்கள் அடைக்கிறோம். காதை மக்தா என்றால் பொத்துகிறோம். பாதையை என்றால் மறிக்கிறோம். வெயிலை என்றால் மறைக்கிறோம். விபத்தை என்றால் தடுக்கிறோம். ஒருவரின் வாயை என்றால் அடைக்கிறோம், எப்படி என்பது ஆளைப் பொறுத்தது. கொரியருக்கு இதெல்லாம் ஒரே வேலை: ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் போகாமல் நடுவில் நிற்பது. எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். அதிலும் 'மறி'யிலிருந்து வந்த மறியல் தமிழ்நாட்டில் வீதியில் உட்காருவது, எங்கள் நாட்டில் உள்ளே போடுவது. 'விளக்கமறியல்' என்ற சொல் இல்லாத பத்திரிகை இங்கே ஒரு நாளும் வந்ததில்லை.

பாடத்தில் ஒரு வசனம் வந்தது: 'கிரி மக்யொசொ நுஜொஸ்ஸொயோ'. தம்பி எழுதிய மொழிபெயர்ப்பு: "பாதையை மறித்ததால் பிந்திவிட்டேன்." யார் மறித்தார்கள் என்று கேட்டேன். "பொலிஸாக இரிக்கும்" என்றான். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதுதானே முதலில் வரும்! அங்கே யாரும் மறிக்கவில்லை, வெறும் வாகன நெரிசல். மக்தாவின் நடுவில் ஒரு 'ஹி' சேர்ந்து 'மக்கிதா' ஆகிவிட்டால் தடுப்பவர் காணாமல் போய்விடுவார், தடைபட்டது மட்டும் மிஞ்சும். மூக்கு மக்கிதா என்றால் தடிமன். மூச்சு மக்கிதா என்றால் மூச்சு முட்டுவது. 'மல்முனி மக்கிதா' என்று ஒன்று இருக்கிறது. பேச்சின் கதவு அடைபட்டது என்று பொருள். அதைப் பார்த்ததும் நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன், எங்கள் 'வாயடைத்துப் போனான்' அப்படியே அங்கே நிற்கிறது. 'கிகா மக்கிதா' என்பது இன்னும் வேடிக்கை. 'கி' என்றால் உடம்புக்குள் ஓடும் உயிராற்றல், அது அடைபட்டுப் போகுமளவுக்கு. அநியாயம் ஒன்றைக் கண்டாலும் சொல்வார்கள், சாப்பாடு ருசியாக இருந்தாலும் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் நல்ல புரியாணியைப் பார்த்து "பயங்கரம்" என்பதில்லையா, அது மாதிரி.

தொழிற்சாலைப் பாடத்தில் 'க்விமகே' வருகிறது. 'க்வி' காது. மக்தாவிலிருந்து பிறந்த 'மகே' அடைப்பான். இயந்திரச் சத்தத்துக்குக் காதில் செருகிக்கொள்ளும் பொருள். வினையிலிருந்து கருவிப் பெயர் ஆக்கும் விதமும் எங்களுடையதுதான், மூடு என்பதிலிருந்து மூடி வந்த மாதிரி. இதைத் தம்பி ஒரு தரத்திலேயே பிடித்துக்கொண்டான்.

வாப்பாவுக்கு இந்த இரவுப் பாடத்தில் பெரிய அக்கறை இல்லை, செய்தி முடிந்ததும் படுத்துவிடுவார். ஆனால் ஒரு பழமொழி அவரை எழுப்பி உட்கார வைத்தது. 'ஹோமியால் மக்தா செய்ய வேண்டியதைக் காரேயால் செய்கிறான்' என்பது அதன் கருத்து. ஹோமி என்பது ஒரு கையால் பிடிக்கும் சின்னக் களைகொத்தி. காரே என்பது நீளப் பிடி வைத்த பெரிய மண்வாரி, ஒருவர் பிடியைப் பிடிக்க மற்றவர்கள் இரு பக்கமும் கயிற்றால் இழுப்பார்கள். வரப்பில் தண்ணீர் கசியத் தொடங்கும்போது ஒரு பிடி மண் போதும், விட்டுவிட்டால் பிறகு மூன்று பேர் இழுக்க வேண்டும். "அட, வக்கடை கட்டுறதச் சொல்றான்" என்றார் வாப்பா. வெள்ளம் வருமுன் அணை கட்டச் சொல்லும் எங்கள் பழமொழியைவிட இது நல்லது என்பது அவருடைய தீர்ப்பு. அணையை யார் கட்டுவது என்று அதில் இல்லையாம், இதில் கருவியின் பேரோடு இருக்கிறதாம். நாற்பது வருடம் வட்டைக்குள் நின்றவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உம்மாவிடம்தான் கஷ்டம்.

அவவுக்கு மகன் கொரியா போவது விருப்பமில்லை. 4 வருடமும் 10 மாதமும் என்று விரல் விட்டு எண்ணுகிறா. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2022 ஒக்டோபர் 29 இரவு சோல் நகரத்தில் இதேவொன் சந்தில் நெரிசலில் ஆட்கள் இறந்தார்களே, அதில் இலங்கையர் ஒருவரும் இருந்தார். கண்டிப் பக்கத்துப் பிள்ளை, வயது 27. அந்தச் செய்தியை உம்மா இன்னும் மறக்கவில்லை. "அதுவும் உழைக்கப் போன பிள்ளைதானே" என்று ஒரு தரம் சொல்லுவா, அதோடு வீட்டில் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடும்.

அந்தச் சம்பவத்தைப் பற்றிய கொரியச் செய்திகளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினேன். முழுவதும் விளங்கவில்லை. ஆனால் படித்த ஒரு வினைச்சொல் எங்கே இருந்தாலும் கண்ணில் படும்தானே. ஹோட்டல் ஒன்றின் பக்கத்தில் சரிவான ஒரு சந்து, சுமார் 4 மீற்றர் அகலம், சில இடத்தில் அதைவிடக் குறைவு. மேலிருந்தும் கீழிருந்தும் சனம் வந்தபோது வழி மக்கிதா. உள்ளே நின்றவர்களுக்கு மூச்சு மக்கிதா. பிறகு ஒவ்வொரு கட்டுரையிலும் திரும்பத் திரும்ப வந்தது மூன்றாவது வடிவம்: 'மகுல் சு இஸ்ஸொத்தா'. தடுத்திருக்கலாம் என்பது அதன் பொருள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'தடுக்க வழி இருந்தது' என்றே வருகிறது. அன்று பொலிஸாருக்கு முதல் தொலைபேசி அழைப்பு வந்தது மாலை 6.34க்கு. நெரிசலில் ஆட்கள் விழுந்தது இரவு 10.15 அளவில். இடைப்பட்ட நேரத்தில் மொத்தம் 11 அழைப்புகள். நசுங்கிச் சாகப்போகிறோம் என்று முதல் அழைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஹோமி கையில் இருந்த நேரம் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம். இறந்தவர்கள் 159 பேர்.

இதை உம்மாவுக்குச் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சொன்னேன். அந்தப் பிள்ளை போனதால் சாகவில்லை, தடுக்க வேண்டியவர்கள் தடுக்காததால் செத்தது என்று சொன்னேன். உம்மா கேட்டா: "அப்ப நான் தடுக்கிறது மட்டும் ஏன் பிழை?"

எனக்கு மல்முனி மக்கிதா.

இந்தக் கேள்விக்கு இலக்கணத்தில் பதில் இருக்கிறதா என்று தேடினேன், ஆசிரியர் புத்தி அதுதான். கொரியத்தில் 'போக விடாமல் தடுத்தார்' என்பதற்கு 'மொத் ககே மக்தா' என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் அப்படி ஓர் எதிர்மறை தேவையில்லை, எங்களுக்கும் கொரியருக்கும் அது பழக்கம். ஆனால் கொரியத்தில் எதிர்மறை இரண்டு இருக்கிறது. 'அன்' என்றால் செய்வதில்லை. 'மொத்' என்றால் செய்ய முடிவதில்லை. மக்தாவோடு வழக்கமாக வந்து சேர்வது மொத். தடுக்கப்படுபவரின் மனம் மாறிவிட்டது என்று அந்த வசனம் சொல்லவில்லை, போக இயலாமல் ஆக்கப்பட்டார் என்பதை மட்டும் சொல்கிறது. ஆசை அப்படியே இருக்கும்.

பாடசாலையிலும் இதையேதான் பார்க்கிறேன். சாதாரண தரம் எழுதிய கையோடு பொடியன்கள் கொரியன் வகுப்பைத் தேடுகிறார்கள், 18 வயது எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் "இவனுகளத் தடுக்கணும்" என்ற பேச்சு வாரத்துக்கு ஒரு தரம் வரும். உயர்தரம் படித்து முடித்தவனுக்கு ஊரில் என்ன இருக்கிறது என்று யாராவது திருப்பிக் கேட்டால் தேநீரைக் குடித்துவிட்டு எல்லோரும் எழும்பிவிடுவோம். படிப்பை இடையில் விடாதே, ஏ.எல். முடித்துவிட்டுப் போ என்று நான் சொல்வேன், சண்டையும் பிடிப்பேன். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. "சோதினைய எழுது, பாஸானாப் பிறகு பாப்பம்" என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறா. தம்பி போன கிழமை அவவுக்கு முன்னால் நின்று 'மக்ஜி மாசெயோ' என்றான். தடுக்காதீங்க என்று அர்த்தம், மரியாதை வடிவம்தான். என்ன சொல்றான் என்று உம்மா என்னிடம் கேட்டா. சொன்னேன். "நல்லாத்தான் படிக்கிறான்" என்றுவிட்டுச் சோற்றைப் போட்டா.

அவனுக்கு இப்போது பாதுகாப்புப் பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறேன். சத்தத்தை மக்தா செய்வது எது, தூசியை எது, இயந்திரத்துக்குள் கை போகாமல் மக்தா செய்யும் மூடி எது, அதைக் கழற்றச் சொல்லி ஒரு முதலாளி சொன்னால் மறுத்து என்ன சொல்வது. இந்தக் கடைசி வசனம் பரீட்சைக்கு வருமா என்று கேட்டான். வராவிட்டாலும் பாடமாக்கச் சொன்னேன்.

இதுவரை எழுதிய தமிழ்க் குறிப்புகளைப் பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறேன், முப்பத்து நான்கு பக்கம். கொரியன் படிக்கும் தம்பி, தங்கச்சிமார் யாருக்காவது தேவையென்றால் இன்பொக்ஸில் கேளுங்கள், காசு ஒன்றும் வேண்டாம். கொரியாவில் இருக்கும் சகோதரர்கள் உச்சரிப்பை ஒரு தரம் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. 'மங்னுன்' என்று நான் எழுதியதை நீங்கள் வேலைத்தளத்தில் எப்படிக் கேட்கிறீர்கள் என்று குரல் பதிவு அனுப்பினால் இன்னும் நல்லது. தம்பி என்னை நம்புகிறான் இல்லை.