கதவைத் திறந்துவிடும் அம்மாள்

பழைய பிரெஞ்சுப் படங்களைப் பற்றி எழுதுங்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ழான் கபேனைப் பற்றியும் ஃபெர்னாந்தெலைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது, அந்தப் படங்களில் அழைப்பு மணி அடித்ததும் வந்து கதவைத் திறந்துவிடும் ஓர் அம்மாளைப் பற்றி.

அவர் பெயர் பொலின் கார்த்தோன். 1884 ஜூலை 4 அன்று பிரான்சின் தென்மேற்குக் கடற்கரை ஊரான பியாரிட்ஸில் பிறந்தவர். கார்த்தோன் என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அட்டை என்று பொருள். 1938-இல் தம் நினைவுகளைப் புத்தகமாக எழுதியபோது ‘லே தெயாத்ர் தெ கார்த்தோன்’ என்று தலைப்பு வைத்தார். கார்த்தோனின் நாடகமேடைகள் என்றும் படிக்கலாம், அட்டையில் செய்த நாடகமேடைகள் என்றும் படிக்கலாம். தம்மைப் பெரிதாக நினைத்துக்கொள்ளாதவர் என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

ஒல்லியான உடம்பு, நீண்ட கூர்மூக்கு, உச்சியில் முடிந்த சின்னக் கொண்டை, மூக்கால் பேசுகிற கீச்சுக்குரல். கதாநாயகி ஆக முடியாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். வேலைக்காரி, சமையற்காரி, வாடகை வீட்டுக் காவல்காரி, வம்பு பேசும் கடைக்காரி, பணத்தின் மேல் கண் வைத்த சித்தி. இப்படி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். நம் சி.கே. சரஸ்வதி திரையில் தலைகாட்டினாலே அரங்கில் ஒரு சலசலப்பு எழுமே, அந்த மாதிரி பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த அம்மாள்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளியில் மொலியேரைக் கரைத்துப் புகட்டினார்கள். அவருடைய நாடகங்களில் வீட்டு எஜமான் ஏமாந்துபோய் உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொல்லும் துணிச்சல் வேலைக்காரிக்குத்தான் இருக்கும். ‘தர்த்துய்ஃப்’ நாடகத்தில் தோரின், ‘நோயாளியாகத் தம்மை நினைத்துக்கொள்பவர்’ நாடகத்தில் துவானேத். பையன்களான எங்களுக்கு இந்த இரண்டு பெண்களையும் பிடிக்கும். பொலின் கார்த்தோன் அவர்களுடைய பேத்தி என்று எனக்குப் பிற்காலத்தில் தோன்றியது. ஒரு வித்தியாசம் உண்டு. மொலியேர் தம் வேலைக்காரிகளுக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கொடுத்தார். கார்த்தோனுக்குப் பல படங்களில் கிடைத்தது இரண்டு நிமிடம்தான்.

வேலையில் சேர்ந்த பிறகு, அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை நேரம் படம் போட்டால் தவறாமல் போவேன். அங்கேதான் சாஷா கித்ரியின் ‘ஒரு சூதாடியின் கதை’யைப் பார்த்தேன். 1936-இல் வந்த படம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கோலிக்குண்டு வாங்கக் கடைக் கல்லாவிலிருந்து எட்டு சூ திருடிவிடுகிறான். அதற்குத் தண்டனையாக அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு கிடையாது. அன்றைய சாப்பாடு காளான். விஷக் காளான் என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் பதினோரு பேரும் இறந்துபோக, திருடிய பையன் மட்டும் பிழைக்கிறான். அவனைச் சொந்தக்காரத் தம்பதி ஒன்று கூட்டிப்போகிறது. அந்த வீட்டு அம்மாள்தான் கார்த்தோன். படம் முழுக்கக் கித்ரியின் குரல்தான் கதை சொல்கிறது, மற்றவர்களுக்குப் பேச்சு மிகக் குறைவு. அந்தக் கீச்சுக்குரல் இல்லாமலே, அனாதைப் பையன் மேல் பாசமா, அவன் சொத்தின் மேல் பாசமா என்பதை முகத்தாலேயே காட்டிவிடுகிறார்.

அடுத்த வருடம் வந்தது ‘தெசிரே’. ஒரு பணக்காரப் பெண்மணியின் வீட்டில் தெசிரே என்ற பணியாள் வந்து சேர்கிறான், எஜமானியின் மேல் மையல் கொள்கிறான். பணியாளாகக் கித்ரி, பணிப்பெண்ணாக அர்லெத்தி, சமையற்காரி அதேலாகக் கார்த்தோன். கதை மேலே எஜமானியின் அறையில் நடக்கிறதா, கீழே சமையலறையில் நடக்கிறதா என்று கேட்டால், என் ஓட்டு சமையலறைக்குத்தான். வேலை முடிந்து மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாங்கள் வேலை பார்த்த வீடுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். எஜமானர்கள் தங்களை வேலைக்கு எடுத்தார்கள் என்பதைவிட, தாங்கள் எஜமானர்களை எடை போட்டுவிட்டார்கள் என்பதுதான் அங்கே தெரிகிறது.

அந்தச் சமையலறை எனக்குப் புதிதல்ல. என் பெரியம்மா நம் ஊர் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். 1954-க்குப் பிறகு அந்தக் குடும்பம் கப்பலேறும்வரை அங்கேதான் இருந்தார். வேலைக்காரிக்குப் பிரெஞ்சில் ‘பொன்’ என்று பெயர். நல்லவள் என்பதற்கும் அதே சொல்தான். “என்னை அவங்க ‘பொன்’னுன்னுதான்டா கூப்பிடுவாங்க” என்று பெரியம்மா சொல்லிச் சிரிப்பார். படிக்கத் தெரியாது. ஆனால் முசேவுக்கு எந்தக் கடிதம் வந்தால் இரவு சாப்பாடு இறங்காது, மதாம் யார் வந்துபோன பிறகு அழுவார் என்பதெல்லாம் தெரியும். வெளியே ஒரு வார்த்தை போகாது. பிடிக்காத விருந்தாளிக்கு மட்டும் சூப்புத் தட்டைச் சற்றுச் சத்தமாக வைப்பாராம். அதேலைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவும் தட்டு வைக்கவும் மட்டுமே வைத்த பாத்திரத்துக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு என்று காட்டுவதுதான் கார்த்தோன் செய்த வேலை.

அதற்காக அவரை எளிதாக எடைபோட்டுவிடக்கூடாது. 1925-லேயே மார்செல் லெர்பியேயின் பேசாப்படத்தில் நடித்திருக்கிறார். ழான் கொக்தோவின் ‘ஒரு கவிஞனின் இரத்தம்’ என்ற புதுமைப் படத்தில், கையில் சாட்டையோடு ஒரு சிறுமிக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை அவர்தான். 1934-இல் ‘துவா செ முவா’ என்ற இசை நாடகத்தில் ரெனே கோவாலோடு பாடிய சிரிப்புக் காதல் பாட்டு நாடெங்கும் பிரபலமானது. ஐம்பது வயது அம்மாள் காதலனோடு ‘பலேத்துவியே’ மரங்களின் கீழ் கொஞ்சுகிற பாட்டு. அது என்ன மரம் என்று யோசிக்க வேண்டாம், நம் பிச்சாவரத்தில் படகில் போகும்போது இருபுறமும் நிற்கிறதே, அந்தச் சதுப்புநிலக் காட்டு மரம்தான்.

வாழ்நாள் முழுக்கத் திரையில் அடுத்தவர் வீட்டைத் துடைத்துப் பெருக்கியவருக்குச் சொந்த வீட்டுக் குடித்தனம் கிடையாது. பாரிஸில் ஓர் ஓட்டல் அறையில் பல வருடங்கள் வாழ்ந்தார். அவருடைய துணைவர் ழான் வியொலேத் ஜெனீவாவைச் சேர்ந்த கவிஞர். அந்தக் காலத்துப் பெண்மணி ஒருவர் இப்படித் தம் இஷ்டப்படி வாழ்ந்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

கித்ரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த காலத்தில் அவர்களோடு ஒட்டி உறவாடினார் என்று குற்றம்சாட்டி, 1944 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள். அறுபது நாள் சிறை. 1947-இல் வழக்கு தள்ளுபடியானது, ஆனால் கறை முழுதும் போகவில்லை. 1940-லேயே தெகோல் பக்கம் சேர்ந்த ஊர் நம் ஊர். எங்கள் பெரியவர்கள் சிலர் கித்ரி பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சொல்தாக்களின் வீடுகள் அவை. கித்ரி செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லவும் நான் வரவில்லை. எனக்குக் கண்ணில் படுவது ஒன்றுதான்: 1944-க்கு முன்னால் அவர் படங்களில் இருந்த கார்த்தோனின் பெயர் அதற்குப் பின்னாலும் இருக்கிறது. 1948-இலும் இருக்கிறது, 1951-இல் ‘லா புவாஸோன்’ படத்திலும் இருக்கிறது, கித்ரி மறைந்த 1957 வரைக்கும் இருக்கிறது. பெரிய நடிகை ஒருவர் விலகியிருந்தால் பத்திரிகையில் வந்திருக்கும். கதவு திறக்கும் அம்மாள் விலகினால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படியும் அவர் விலகவில்லை.

நான் முப்பத்துச் சொச்சம் வருடம் குமாஸ்தா. கோப்பில் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவர் பெயரைத்தான் ஊர் அறியும். அந்தக் கோப்பை எழுதி, கட்டி, மேசைக்கு மேசை கொண்டுபோனவன் பெயர் எங்கும் இருக்காது. இது புலம்பல் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்தவனுக்கு அது போதும். ஆனால் இந்த அம்மாளை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கூடவே ஒன்று தோன்றும்: சின்ன வேலை என்பதற்காகச் சின்ன மனுஷியாக இருக்க வேண்டியதில்லை.

1962-இல் ‘தி லாங்கெஸ்ட் டே’ என்ற பெரிய போர்ப்படத்தில்கூட ஒரு நொடி வந்து போகிறார். அப்போது வயது எழுபத்தேழு. 1974 ஜூன் 17 அன்று, தொண்ணூறு வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது பாரிஸில் காலமானார். உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தப் படங்கள் சில இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் தேடிக் கொடுப்பார்கள். முதலில் ‘தெசிரே’ பாருங்கள். பிரெஞ்சு மறந்துபோனவர்களும் பார்க்கலாம். சமையலறைக் காட்சி வரும்போது கித்ரி நிறையப் பேசுவார், அவரைப் பார்க்க வேண்டாம். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் அதேலைப் பாருங்கள்.