கடலை எட்டாத இசைக்குழு

பேச்சிப்பாறை அணையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கோதையாறு ஐம்பது அடி உயரத்திலிருந்து அருவியாக வீழும் ஊர் திற்பரப்பு ஆகும். அருவிக்கு மேலே கால் கிலோமீட்டர் தூரம் ஆற்றின் படுகை முழுவதும் ஒரே பாறையாகப் பரந்து கிடக்கிறது. அதன் இடக்கரையில், கோட்டை போன்ற மதிலுக்குள், மகாதேவர் கோயில் அமைந்துள்ளது. சிவராத்திரியன்று பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடிச் சென்று வழிபடும் அடியார்கள் மூன்றாவதாக வந்தடையும் திருத்தலம் இதுவே.

அருவியின் பக்கத்தில் நிற்பவர், தோளோடு தோள் உரசி நிற்பவரிடம்கூட உரக்கப் பேசினால்தான் செவியில் விழும். வீணையும் வயலினும் அவ்விடத்தில் தோற்றுப்போகும். பழைய வேணாட்டுக் கோயில்களின் மேளமோ திறந்த வெளிக்கென்றே பிறந்தது. செண்டையின் முழக்கமும், இலைத்தாளத்தின் ஒலியும், பிறைபோல் வளைந்த கொம்பின் பிளிறலும் எத்தகைய இரைச்சலையும் ஊடுருவிச் செல்ல வல்லவை.

கொம்பு எளிய கருவி. அதில் துளைகள் இல்லை, சீவாளி இல்லை. வாசிப்பவரின் உதடே அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும், மூச்சை விரைவுபடுத்தியும் சில சுரங்களை எழுப்பலாம். அவற்றுக்கு இடைப்பட்ட சுரங்கள் அதற்குக் கைவருவதில்லை. ஆகவே அது இராகத்தை விட்டுத் தாளத்தைத் தழுவிக்கொண்டது. மேலைநாட்டாரின் பழைய எக்காளத்துக்கும் இதே குறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியர் அதற்கு ஒரு வழி கண்டனர். குழாயில் வால்வுகளைப் பொருத்தி, விரலால் அழுத்தும்பொழுது காற்று சுற்றிச் செல்லும் நீளம் மிகுமாறு செய்தனர். நீளம் மிகுந்தால் சுரம் தாழும். மூன்றே வால்வுகளைக் கொண்டு எல்லாச் சுரங்களும் எளிதில் வசமாயின.

இச்சிறு மாற்றம் இசையின் வாயிலைத் தொழிலாளர்க்குத் திறந்துவிட்டது என்றால் அது மிகையன்று. சிறிய கார்னெட் முதல் பெரிய டியூபா வரை பெரும்பாலான கருவிகளுக்கு விரலமைப்பு ஒன்றே. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றை விரைவில் பழகிக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் பஞ்சாலைத் தொழிலாளரும் பகலெல்லாம் உழைத்து, மாலையில் கூடிப் பயின்றனர். மான்செஸ்டர் நகரையடுத்த பெசஸ் ஓ தி பார்ன் என்னும் ஊர்க்குழு 1906-ஆம் ஆண்டில் புறப்பட்டு வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை சென்று வாசித்துத் திரும்பியது. இசையை வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாகக் கொள்ளாதோர் இத்துணைத் திறம் பெறுவரோ என்று தொழில்முறைக் கலைஞர்களும் வியந்திருக்கக்கூடும்.

இரட்சணிய சேனை இவ்விசையைத் தன்னதாக்கிக்கொண்ட வரலாறு சுவையானது. 1878-இல் சால்ஸ்பரி என்னும் ஊரில், தெருவில் சமயவுரை ஆற்றுவோரை முரடர்கள் தாக்கிவந்தனர். சார்லஸ் பிரை என்னும் கட்டடத் தொழிலாளர் தம் மூன்று மைந்தரோடு அவர்களுக்குக் காவலாக நின்றார். தம் பித்தளைக் கருவிகளையும் உடன் கொண்டுவந்து வாசித்தார். காவலுக்கு வந்த நால்வர் இசைக்குழுவாயினர்! 1882-இல் பிரெடரிக் டக்கர் முதலான நால்வர் பம்பாயில் வந்திறங்கி, வாத்தியம் முழங்க ஊர்வலம் சென்றபொழுது, காவல்துறையினர் அவர்களைத் தடுத்துக் கைது செய்தனர். இசைக்கு அஞ்சிய அரசாங்கம் அது! பின்னர் இவ்வியக்கம் தென்திருவிதாங்கூருக்கும் பரவியது. நாகர்கோவிலிலுள்ள காதரின் பூத் மருத்துவமனை அதன் தொண்டுக்குச் சான்றாகும். குமரி மாவட்டத்துத் தேவாலய விழாக்களில் பாண்டு வாத்தியம் முழங்குவதைக் கேட்டறியாதார் இரார். கோயில் மேளத்தில் கொம்பும், தேவாலய ஊர்வலத்தில் கார்னெட்டும் ஒலிக்கும் இம்மண்ணில், அத்தகைய குழு ஒன்றின் கதை அயலார் கதையாகத் தோன்றாது.

அக்குழு கனடா நாட்டின் டொராண்டோ நகரைச் சேர்ந்தது. அந்நகரிலிருந்த இரட்சணிய சேனைத் தலைமை நிலையத்தில் பணிபுரிந்தோரே அதன் உறுப்பினர். அலுவல் முடிந்த பின்னரே பயிற்சி. வாசிப்புக்கென்று ஊதியம் இல்லை. 1914-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அவ்வியக்கத்தின் அனைத்துலக மாநாடு கூடவிருந்தது. பல நாட்டார் முன்னிலையில் வாசிக்கும் வாய்ப்புக் கனடியக் குழுவுக்குக் கிட்டியது. இயக்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 170 பேர், குடும்பத்தினரும் குழந்தைகளும் உட்பட, கியூபெக் துறைமுகத்தில் 'எம்பிரஸ் ஆப் அயர்லாந்து' என்னும் பெருங்கப்பலில் ஏறினர்.

மே மாதம் 28-ஆம் நாள் பிற்பகல் கப்பல் புறப்பட்டது. செந்நிற மேலங்கி அணிந்த இசைஞர்கள் மேல்தளத்தில் நின்று, பிரிவோர் வழக்கமாகப் பாடும் விடைகொள் பாடலை வாசித்தனர். கரையில் நின்றோர் கைக்குட்டைகளை அசைத்தனர். குழுத் தலைவர் எட்வர்டு ஹானகனுடன் அவர் மனைவியும், ஏழு வயது நிரம்பிய மகள் கிரேசும் பயணம் செய்தனர்.

செயின்ட் லாரன்ஸ் ஆறு முகத்துவாரத்தை நெருங்கும்பொழுது கடலெனத் தோன்றுமளவுக்கு அகன்றுவிடும். நள்ளிரவுக்குப் பின்னர், ரிமூஸ்கி என்னும் ஊருக்கு அண்மையில் வழிகாட்டியை இறக்கிவிட்டுக் கப்பல் மேற்சென்றது. எதிரே 'ஸ்டோர்ஸ்டாட்' என்னும் நார்வே நாட்டு நிலக்கரிக் கப்பல் வந்தது. ஒன்றன் விளக்குகளை மற்றொன்று கண்டது. அந்நேரத்தில் கரையிலிருந்து மூடுபனி எழுந்து இரண்டையும் மறைத்தது. ஊதல் ஒலி ஒன்றே அவற்றுக்கிடையே எஞ்சிய மொழியாயிற்று. அதையும் இரு சாராரும் வெவ்வேறாகப் பொருள் கொண்டனர் போலும். 29-ஆம் நாள் அதிகாலை இரண்டு மணியளவில், நிலக்கரிக் கப்பலின் முகப்புப் பயணக் கப்பலின் வலப்புறத்தைப் பிளந்தது.

டைட்டானிக் மூழ்கி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஆதலால் இக்கப்பலில் உயிர்காப்புப் படகுகளுக்குக் குறைவில்லை. இல்லாமற்போனது நேரமே. கப்பல் விரைவாக வலப்புறம் சாய்ந்தமையால் இடப்புறத்துப் படகுகளை இறக்க இயலவில்லை. திறந்திருந்த பக்கச் சாளரங்களின் வழியே நீர் புகுந்தது. மின்விளக்குகள் அணைந்தன. கீழ்த்தளங்களில் உறங்கியோர், முதல்நாள்தான் கண்ட நடைவழிகளை இருளில் தேடித் தடுமாறினர். மோதிய பதினான்காம் நிமிடத்தில் கப்பல் மறைந்தது. பயணம் செய்த 1,477 பேரில் 1,012 பேர் மாண்டனர். குழந்தைகள் 138 பேரில் நால்வரே பிழைத்தனர். அவருள் ஒருத்தி கிரேஸ். அவளுடைய தாயும் தந்தையும் மீளவில்லை. இசைக்குழுவினருள் பெரும்பாலோரும் அவ்வாற்றிலேயே மாண்டனர்.

விசாரணை நடந்தது. கனடாவில் அமைந்த ஆணையம் நிலக்கரிக் கப்பலின்மேல் குற்றம் சுமத்தியது. நார்வே நாட்டார் அதை ஏற்கவில்லை. இரண்டு திங்களுக்குள் முதல் உலகப்போர் மூண்டது. நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் மடிந்த காலத்தில், பனிமூட்டத்தில் மூழ்கிய ஒரு கப்பலை உலகம் மறந்ததில் வியப்பில்லை.

டொராண்டோ நகரத்தார் மறக்கவில்லை. அந்நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோர்க்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். ஆனால் இசைக்குழுவை எவ்வாறு எழுப்புவது? கருவிகளை விலை கொடுத்து வாங்கலாம். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் தொடரவும், கார்னெட்டின் மெட்டுக்குக் கீழே டியூபா தரையென நிற்கவும், நால்வர் தவறினாலும் ஐந்தாமவர் தாளம் பிசகாதிருக்கவும் பல மாலைப்பொழுதுகள் சேர்ந்து பழகிய செவிகள் வேண்டும். அச்செவிகள் ஆற்றின் அடியில் போயின. கற்றுக் கொடுக்க வேண்டியவர்களும் கற்றவர்களும் ஒரே கப்பலில் சென்றிருந்தனர் என்பதே இவ்விழப்பின் கொடுமை.

கனடியத் தலைமை நிலையக் குழு மீண்டும் அமைக்கப்பட்ட ஆண்டு 1969. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. புதிய குழுவில் கார்னெட் ஏந்தி நின்ற இளைஞர்கள், பழைய குழுவின் வாசிப்பைக் கேட்டறியாதவர்கள். தந்தையின் குழு விடைகொள் பாடல் வாசித்ததைக் கேட்ட கிரேஸ் அப்பொழுது அறுபது வயதைக் கடந்திருந்தார். அக்கப்பலில் பிழைத்தோருள் எல்லாருக்கும் பின்னர், 1995-ஆம் ஆண்டில், அவர் காலமானார்.