ஒரு மக் பியரும் மூன்று லயத்துப் பிள்ளைகளும்

ஒக்டோபர்ஃபெஸ்டுக்குப் போறோம் என்று சொன்னதும் விடுதியில் சிரிக்காத ஆளில்லை. "தோட்டத்துப் புள்ளைகளுக்குக் குடிக்கிறதுக்கு ஜேர்மன்காரன் வேற வந்து சொல்லித் தரணுமா?" என்று கேட்டார்கள். இந்தக் கேலி எங்களுக்குப் பழகியதுதான். எங்களில் ஒருத்தி கம்பஸில் ஜேர்மன் படிக்கிறாள். அவளுக்குக் கிடைத்த டிக்கெட்டில் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு மூன்று பேரும் போனோம். ஹட்டன், பொகவந்தலாவை, நுவரெலியா என்று ஆளுக்கொரு பக்கம். இரண்டு பெண்கள், ஒரு பையன்.

பஸ்ஸில் போகும்போதே ஜேர்மன்காரி வகுப்பெடுத்தாள். 1810 ஒக்டோபர் 12இல் பவேரியா இளவரசர் லூட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் கல்யாணம். மியூனிக் நகரத்துக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்துக் கொண்டாடினார்களாம். அடுத்த வருடமும் பந்தயம் வைத்தார்கள், அதுவே திருவிழாவாகிவிட்டது. பியர் பிறகுதான் பெரிதானது. பேர்தான் ஒக்டோபர், குளிருக்குப் பயந்து தொடங்குவது செப்டெம்பரில். மியூனிக்கின் ஆறு பெரிய மதுவடிசாலைகள்தான் அங்கே பியர் ஊற்றலாம். ஒரு மக் என்றால் ஒரு லீற்றர்.

குதிரைப் பந்தயம் என்றதும் நுவரெலியாக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரன் குளிருக்காகக் கட்டிய ஊர் அது. பந்தயத் திடலும் உண்டு, 1881இல் பியர் கம்பனி தொடங்கியதும் அங்கேதான். ஏப்ரல் சீசனில் ஊரே கொழும்பு வாகனங்களால் நிறைந்துவிடும். சின்ன வயதில் அவள் அந்தப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை நாங்கள் வேலிக்கு உள்ளே.

உள்ளே நீளமான மரமேசைகள், நீலமும் வெள்ளையுமாகத் துணிகள், மேடையில் குழல் வாத்தியக்காரர்கள். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை ஒரே பாட்டை வாசித்தார்கள், எல்லாரும் எழும்பி "ப்ரோஸ்ட்!" என்று மக்கை மோதினார்கள். பக்கத்து மேசையில் ஒரு தாத்தாவும் பாட்டியும் கைகோத்து ஆடினார்கள். தட்டில் புளிக்க வைத்த கோவா வந்தது. "நம்ம ஊரு கோவாவ இப்பிடிப் பண்ணி வச்சிருக்காங்களே" என்றான் பையன்.

பிறகு விலைப்பட்டியலைப் பார்த்தோம். 2024 செப்டெம்பரில் தோட்டத்துக்கு அறிவித்த அடிப்படை நாள்சம்பளம் 1350 ரூபா. ஒரு மக் அதைவிடக் கூட. அம்மா ஒரு முழுப் பேர் போட்டாலும் ஒரு மக் வராது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மூன்று பேருக்கும் ஒன்று வாங்கினோம். வாங்கப் போனவன் பையன். பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்று 1979இல் ஒரு தடை போட்டார்கள். 2018 ஜனவரியில் அதை எடுத்தார்கள், சில நாட்களிலேயே திரும்பப் போட்டுவிட்டார்கள். தவறணை வாசலில் நின்று "அப்பா, வாங்க வீட்டுக்கு" என்று கூப்பிடத்தான் எங்களுக்கு எப்போதும் அனுமதி இருந்தது. அதற்கு வயதுக் கட்டுப்பாடும் கிடையாது.

பியர் கசந்தது. எங்களுக்கு உறைத்தது வேறு. இங்கே எல்லாரும் முகத்துக்கு முகம் பார்த்து, சாப்பிட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் குடிக்கிறார்கள். எங்கள் அப்பாமார் சம்பள நாளில் நின்றபடியே ஊற்றிக்கொண்டு, இருட்டில் மலை ஏறி வருவார்கள். அட்டைக் கடியும் மழையும் உடம்பு வலியுமாக ஒரு நாள் முடிந்தால் குடிக்கிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை, திட்டத்தான் செய்கிறார்கள். இவன் குடித்தால் கலாசாரம், அவர் குடித்தால் "தோட்டத்துக் குடிகாரன்".

ஆனால் அதைச் சொல்லி அப்பாமாரைக் காப்பாற்றவும் எங்களால் முடியவில்லை. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது கசிப்பால்தான். காம்பராவுக்கு ஒரே கதவு. சண்டை வந்தால் பிள்ளைகள் ஓடுவதற்கு இன்னொரு அறை இல்லை. மியூனிக்கிலும் குடித்து விழுந்து கிடப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் "பியர்ப் பிணம்" என்றே ஒரு சொல் இருக்கிறது என்றாள் ஜேர்மன்காரி. தூக்கிப்போக அங்கே முதலுதவிக்காரர்கள் இருக்கிறார்கள். எங்கள் லயத்தில் அந்த வேலை அம்மாவுக்கும் மூத்த பிள்ளைக்கும்.

மக்கில் பாதியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தோம். வீணாக்கியது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அரை நாள் சம்பளமாச்சே.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது எங்களில் ஒருத்தியின் அம்மா கோல் எடுத்தார். எங்கே போனோம் என்று மறைக்காமல் சொன்னாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அங்க பொம்பளைங்களும் உக்காந்திருந்தாங்களா?"

"ஆமாம்மா. பாட்டியெல்லாம் ஆடுனாங்க."

"சிரிச்சிக்கிட்டா?"

"ஆமா."

"சரி சரி. நேரத்தோட ரூமுக்குப் போங்க. நாளைக்கு எனக்குப் பெரட்டுக்குப் போகணும்" என்று வைத்துவிட்டார்.