இருளும் பொறியும்

தொண்டைமானாறு என்பது ஒரு வேலையின் நினைவாக நிலைத்துவிட்ட பெயர். சோழரின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், வடபுலத்து உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும்பொருட்டு இங்கிருந்த நீரோடையை வெட்டி ஆழமாக்கினான் என்று மரபுவழிச் செய்தி கூறும். அச்செய்தியில் வரலாறு எத்துணை, கற்பனை எத்துணை என்று ஆராய்வது வரலாற்று மாணவர் கடன். ஆயின், பரந்து கிடக்கும் உவர்நீரிலிருந்து வேண்டிய சிறுபொருளைப் பொறுமையோடு பிரித்தெடுத்த இடம் என்ற நினைவு மட்டும் இவ்வூரை விட்டு அகலவில்லை. மங்கிய விண்ணொளியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் இன்றைய வானியற் கணினியைப் பற்றிச் சிந்திப்பதற்கு இது பொருந்தாத இடமன்று.

ஊரின் இருப்பிடமே வானத்தை நோக்குவார்க்கு வாய்ப்பானது. வடக்கே திறந்த கடல், தெற்கே கடனீரேரி. ஏறத்தாழ 9.8 பாகை வட அகலக்கோட்டில் அமைந்திருத்தலால், துருவ வெள்ளி வடகடலின் விளிம்புக்கு மேலே பத்துப் பாகை உயரத்திலேயே நிற்கும். தெற்கே திரும்பினால், ஒமேகா சென்டோரி என்னும் பெரும் விண்மீன் கொத்து உச்சம்பெறும்போது 33 பாகை உயரத்திலும், கரீனா நெபுலம் 20 பாகை உயரத்திலும் தோன்றும். இலண்டனில் வாழும் வானியல் ஆர்வலர் எத்துணைப் பொருள் செலவிட்டுத் தொலைகாட்டி வாங்கினும், தம் வீட்டு முற்றத்திலிருந்து இவ்விரண்டையும் காண இயலாது. இங்குள்ளவருக்கோ பங்குனி, சித்திரை மாதத்து இரவொன்றும் விழித்திருக்கும் மனமும் போதும்.

வானத்தை வாசித்தல் இக்கரையோரத்திற்குப் புதிய கலையுமன்று. அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற பாய்க்கப்பல் அன்னபூரணி 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திய மாலுமிகளின் மரபில், ஆறாமீனும் துருவ வெள்ளியும் நாளாந்த வழிகாட்டிகளாக விளங்கின. மேற்கே வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த ஆலன் ஏபிரகாம், 1910 ஆம் ஆண்டில் தோன்றிய ஹேலி வால்வெள்ளியைப் பற்றிக் கணித்து எழுதினார். பிரித்தானிய அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகவும் ஏற்கப்பெற்றார். கடலோடிக்குக் கண்ணும் ஆசிரியருக்குத் தாளும் எழுதுகோலும் கருவிகளாயின. இன்றைய ஆர்வலனுக்கு மூன்றாவதாக ஒரு கருவி வேண்டியிருக்கிறது.

அதன் தேவையை விளங்கிக்கொள்ள, ஒளிப்படம் உருவாகும் முறையை நோக்குதல் வேண்டும். 1969 ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய மின்னூட்ட இணைப்புச் சில்லு, வானியலாளரின் ஒளிப்படத்தட்டை மெல்ல மெல்ல அகற்றியது. இன்றைய கமெராக்களிலும் ஒளி இலத்திரன்களாக மாறி எண்ணாகப் பதிகிறது. தொலைவிலுள்ள நெபுலத்திலிருந்து வரும் ஒளியோ மிகச் சிறிது. கமெராவின் வெப்பமும், வானத்தின் மங்கிய வெளிச்சமும், ஒளித்துணிக்கைகள் வந்து சேர்வதில் இயல்பாயுள்ள ஒழுங்கின்மையும் சேர்ந்து அச்சிறிதையும் மறைத்துவிடுகின்றன. ஆகவே ஒரே இடத்தைப் பன்முறை படமெடுத்து, விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தச் செய்து, சராசரி காண்பர். படங்களின் தொகை நூறாகும்போது ஒளியின் தெளிவு நூறு மடங்காவதில்லை. நூறின் வர்க்கமூலமாகிய பத்து மடங்கே உயரும். இருமடங்கு தெளிவு வேண்டுவோன் நான்கு மடங்கு உழைக்க வேண்டும் என்பது இத்துறையின் இரக்கமற்ற விதி.

இவ்விதியே கணினியின் அளவையும் தீர்மானிக்கின்றது. தொண்டைமானாற்றில் ஓர் இளைஞன், 24 மெகாபிக்சல் கமெராவினால் மூன்று நிமிடப் படங்கள் இருநூறு எடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மணி நேர ஒளி; இரண்டு மூன்று இரவுகளின் உழைப்பு. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 48 மெகாபைற்று. எல்லாம் சேர்ந்து பத்துக் கிகாபைற்றுக்குச் சற்றே குறைவு. மூன்று நிறங்களாகவும் நுண்ணிய தசம எண்களாகவும் விரிக்கும்போது ஒரு படம் 288 மெகாபைற்றாகும். இருநூறும் சேர்ந்து 57 கிகாபைற்றைக் கடக்கும். திருத்திய படங்கள் ஒரு தொகுதி, பொருத்திய படங்கள் ஒரு தொகுதி என இடைநிலைகளையும் சேர்த்தால் ஒரேயொரு நெபுலத்திற்கு நூறு கிகாபைற்றுக்கு மேல் இடம் வேண்டும். 1977 ஆம் ஆண்டில் வெளிவந்து, பின்னர் பல வானோக்ககங்களிற் பணியாற்றிய வாக்ஸ் 11/780 கணினியின் நினைவகம் தொடக்கத்தில் ஒருசில மெகாபைற்றுகளே. ஓர் அறையில் பெரும் அலுமாரிகள்போல் நின்ற அப்பொறிக்குள், இவ்விளைஞனின் ஒரு படத்தையேனும் முழுதாக ஏற்றியிருக்க முடியாது.

எனினும், பொறியின் பெருமையை விலையினால் அளப்பது பிழை. இத்தகைய கணினியைக் கட்ட முனைவோர் பலர், விளையாட்டுக்கென விற்கப்படும் விலையுயர்ந்த வரைவியல் அட்டைக்கே முதலிற் பணத்தைக் கொட்டுவர். படங்களை அடுக்கிச் சராசரி காணும் வேலையின் பெரும்பகுதியை அவ்வட்டை செய்வதில்லை. அங்கு உழைப்பவை பல கருக்களைக் கொண்ட முறைவழியாக்கியும், 32 அல்லது 64 கிகாபைற்று நினைவகமும், விரைந்து எழுதிப் படிக்கும் திண்மநிலைச் சேமிப்புத்தட்டுமே. நரம்பணி வலையமைப்பினால் இரைச்சல் நீக்கும் புதிய நிரல்களுக்கே வரைவியல் அட்டை பெரிதும் உதவும். அதனைப் பின்னர் வாங்கலாம். சிரில் போன்ற நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பொருள்களின் பட்டியல் உலகெங்கும் ஒன்றே. அவற்றை வைக்கும் இடம் ஒன்றன்று. கடற்காற்றின் உப்பு உலோக இணைப்புகளை அரிக்கும். வெப்பமான அறையில், மணிக்கணக்காக முழுவலுவுடன் இயங்கும் முறைவழியாக்கிக்கு நல்ல குளிர்விப்பு வேண்டும். அடுக்கும் வேலை முடியுந்தறுவாயில் மின்சாரம் நின்றால் அதுவரை செய்தது வீணாகும். ஆதலால் தடையில்லா மின்வழங்கியைக் கணினியின் ஓர் உறுப்பாகவே இங்கு கருத வேண்டும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும், ரூபாயின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியதையும் நினைவிற்கொள்வோர்க்கு இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றாது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு காலத்தையும் நினைக்க நேர்கிறது. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் பொது மின்விநியோகமின்றி இருந்தது. ஜாம் போத்தலில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் கீழ் மாணவர் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்நாள்களில் வீதிவிளக்கொன்றும் வானத்தோடு போட்டியிடவில்லை. பால்வீதி வீட்டு முற்றம் வரை வந்தது. ஆயினும் அந்த இருளைப் போற்றுதல் தகாது. அச்சமும் இழப்பும் அதற்குள் இருந்தன. அண்ணாந்து பார்த்தவர் பலர் தேடியது விண்மீன்களையன்று, விமானங்களையே. வானம் முழுவதும் திறந்திருந்த காலத்தில் அதனைப் பதியும் பொறி இல்லை. பொறி கைக்கெட்டும் காலத்திலோ, வீதிகளின் வெண்ணிற விளக்குகள் மங்கிய ஒளியை விழுங்குகின்றன. இளைஞன் எடுக்கும் இருநூறு படங்களிற் பல, அவ்விளக்குகளோடு பொருதுவதற்கே செலவாகின்றன. வானம் இருண்டிருந்தால் அதே தெளிவுக்குப் படங்கள் சிலவே போதும், கணினியும் சிறிதாயிருக்கலாம். விளக்கைக் கீழ்நோக்கி மறைத்துப் பொருத்துவது, வலிமைமிக்க முறைவழியாக்கி வாங்குவதிலும் மலிவானது.

பொறிக்கு வலு உண்டு, அறிவு வேறு. கடனீரேரியின் வாயிலிலுள்ள தடுப்பணை, உவர்நீரைப் புறத்தே நிறுத்தி மழைநீரை உள்ளே காக்க அமைந்தது. எக்காலத்தில் கதவைத் திறப்பது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். கணினியிலும் அவ்வாறே. இருநூறு படங்களில் ஒன்றில் மட்டும் தோன்றும் கோட்டை, அது செய்மதியின் தடமென்று கருதி நிரல் விலக்கிவிடும். பெரும்பாலும் அது சரியே. ஆயின், படத்துக்குப் படம் மெல்ல இடம் மாறும் சிறுகோளொன்றும் அவ்வாறே விலக்கப்படும். 1988 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் காவலூர் வானோக்ககத்தில் ஆர். இராஜமோகன் கண்டறிந்த சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயரிடப்பட்டது. விண்மீன்களிடையே நகர்ந்த புள்ளியைப் பிழையென்று தள்ளாது உற்றுநோக்கியதன் பயன் அது. நரம்பணி வலையமைப்பு நிரல்களோ இன்னுமொரு படி செல்லும். இல்லாத நுணுக்கத்தை இருப்பதுபோல் வரைந்து காட்டவும் கூடும். அழகிய படம் வேண்டுவோன் அதனை ஏற்பான். உண்மை வேண்டுவோன் மூலப்படங்களை அழிக்காது வைத்து, இறுதிப் படத்தை அவற்றோடு ஒப்பிடுவான். மூலச்சுவடியை விட்டுப் பதிப்பை மட்டும் நம்பாத கலைப்பீட மாணவனுக்கு இந்நெறி அந்நியமானதன்று.

இத்தகைய பொறி வீட்டுக்கொன்றாக இருக்க வேண்டுமோ என்பதே எஞ்சியுள்ள வினா. பெரும்பாலான குடும்பங்களுக்கு அச்செலவு தாங்கற்கரியது; வாங்கியவன் வீட்டிலும் அது மாதத்தில் சில நாள்களே முழுவலுவுடன் உழைக்கும். ஊருக்கொன்று எனின், பொருளும் உழைப்பும் பயன்படும். ஆசிரியர் பலரின் கூட்டுழைப்பினால் வளர்ந்த தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களை, வடபுலத்து உயர்தர மாணவர் தலைமுறைகளாக எழுதி வந்துள்ளனர். தனியொரு பாடசாலையால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்பதற்கு ஊரிலேயே சான்றுண்டு. சொந்தத் தொலைகாட்டி இல்லாதவருக்கும் வேலையுண்டு: ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்தொலைகாட்டிகளின் பெருந்தொகைத் தரவுகள் யாவர்க்கும் இலவசமாகத் திறந்துள்ளன. இணையத்தின் வழியே அவற்றை இறக்கி, இவ்வூரின் மேசையில் வைத்துத் திருத்தலாம்.

அவ்வாறான மேசையொன்றின் முன் முதலில் அமரும் மாணவன், அங்கு ஒரு படத்தைப் பெறுவது பெரிதன்று. ஒரு படத்தால் ஆகாதது இருநூறு படங்களாற் கைகூடுவதையும், எதனை விலக்கினோம் என்று அறியாதவன் எதனைக் கண்டான் என்று சொல்ல முடியாது என்பதையும் அவன் தன் கையாற் செய்து கற்பான். அக்கல்விக்காக ஊர் கூடிப் பணம் சேர்ப்பின், அது வீண்செலவாகாது.